கடற்கரையில் நிறுத்திய யானைகள்

கடலில் வருகிற கொள்ளைக்காரர்களை விரட்ட யானை வாங்கிய ராஜா சரித்திரத்தில் எவனாவது உண்டா என்று தெரியவில்லை. நான் வாங்கினேன். கஜானாவைத் துடைத்து வாங்கினேன். மணலில் வரிசையாக நிறுத்திவிட்டு, இனி எவன் வருவான் பார்க்கலாம் என்று நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். சரித்திரத்தில் நல்ல மார்க்கு வேறு.

வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்க வாங்கியது. சித்தப்பா அதில் ராஜா காலத்துச் சண்டை விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருந்தார். இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். கோட்டை கட்டலாம், படை திரட்டலாம், கப்பல் விட்டு அடுத்தவனின் கடலோர ஊர்களைக் கொள்ளையடிக்கலாம்.

அந்தக் கோடை லீவில் கொமரலிங்கத்திலிருந்து அத்தை மகள் வந்திருந்தாள். என் வயதுதான், வாய் மட்டும் ரெண்டு வயது பெரியது. நாங்கள் இருவருமே கடலைப் பார்த்ததில்லை. பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது.

சாயம் போட்ட இடத்தில் கலர் மாறிப்போனதால் அப்பாவின் சரக்கு ஒன்று தாமதமாகிக்கொண்டே இருந்தது. பெரும்பங்கு லாரியில் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. கடைசிப் பெட்டிகள் மட்டும் பாக்கி. அவற்றை அப்பாவே ஆம்னி வேனில் ஏற்றிப் போய், கப்பல் கிளம்புவதற்குள் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அப்படியே திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுத் திரும்பலாம். பெட்டிகள் போக வேனில் ஒரு பிள்ளை ஒடுங்கி உட்கார இடம் இருந்தது. ஒரே ஒரு பிள்ளை.

"வெளையாட்டுல ஜெயிக்கறவங்க போலாம்" என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். ஸ்டிக்கர் அடிக்க வேண்டியவர் அவர். பெட்டிக்குள் போகவேண்டிய பனியன்கள் இன்னும் அயர்ன் மேசையைத் தாண்டவில்லை என்பதால் அவருக்கும் பொழுது போகவேண்டியிருந்தது.

நான் கடலோரத்தில் ஐந்து ஊர் கட்டினேன். அவள் ஒரே ஊர் கட்டி, மிச்சத்துக்கெல்லாம் கப்பல் செய்தாள். கப்பல் என் ஊருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவள் ஒரு பொத்தானை அமுக்குவாள். என் நெல்லும் பொன்னும் கப்பலுக்குப் போய்விடும். மதில் எழுப்பினேன். மதில் முற்றுகைக்குத்தானாம், கொள்ளைக்கு இல்லையாம். வில்லாளிகளை நிறுத்தினேன். வில்லைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். கடைசியாகத்தான் யானை. யானைகளின் மூக்குக்கு முன்னாலேயே கப்பல் வந்தது, நெல்லை அள்ளியது, போனது.

"ஏனுங்க சித்தப்பா, யானையெல்லாம் சும்மா நிக்குதுங்க?"

"கப்பல் தண்ணியில இருக்குது கண்ணு. யானை மண்ணுல இருக்குது. எப்படிச் சண்டை போடும்?"

"அப்ப அவ மட்டும் எப்படிங்க தண்ணியில இருந்துட்டு மண்ணுல இருக்கற நெல்ல எடுக்கறா?"

சித்தப்பா வாயிலிருந்த முறுக்கை மெதுவாக மென்று முடித்தார். "ரூல்ஸு" என்றார்.

இன்று நினைத்தாலும் அந்த விளையாட்டைச் செய்தவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. கரையில் இறங்காமல் மூட்டை தூக்க முடியுமா? இறங்கினால் ஒருத்தனாவது கல்லை விட்டு எறியமாட்டானா?

"ஏன்டா, நீயும் ஒரு கப்பல் செய்யறதுதானே?" என்று கேட்டாள் அத்தை மகள்.

எனக்கு அது விளங்கவே இல்லை. எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததிலிருந்து கப்பல் பேச்சுதான். கப்பல் வருகிறது, கப்பல் போகப்போகிறது, கப்பலை விட்டால் தொலைந்தோம். ஆனால் கப்பல் என்பது வெளிநாட்டுக்காரன் அனுப்புவது. நம் வேலை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு பதைப்பது. நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்பது வீரபாண்டியில் யாருக்கும் தோன்றாத யோசனை. திரையில் கப்பல் செய்யும் பொத்தான் இருந்தது. ஏதோ அவளுக்காக வைத்தது என்று விட்டுவிட்டேன்.

அப்பா கதவருகில் வந்து நின்றார். காதில் செல்போன். "ஆமாங்க, பொறப்பட்டாச்சுங்க. பல்லடம் தாண்டிட்டோமுங்க" என்றார். வேன் வாசலில் காலியாக நின்றது. பல்லடத்தை ஏன் இப்படி அவசரமாகத் தாண்டுகிறார் என்று குழம்பி நான் திரும்பிப் பார்த்த நேரத்தில், என் ஐந்தாவது ஊரையும் அவள் துடைத்துவிட்டாள்.

"யானைக்குத் தீனி கூட இல்லியே மகாராஜா" என்றாள். படையெல்லாம் முழுசாக இருக்க, ஒரு வீரன்கூடச் சாகாமல், நான் தோற்றேன்.

பிறகு ஸ்டிக்கர் அடித்து, ஒட்டி, பெட்டிகளை ஏற்றினார்கள். அவள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எனக்கு அழகு காட்டிக்கொண்டே போனாள். நான் தனியாக அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து யானைகளை நகர்த்திப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு கால்கூட வைக்க மறுத்துவிட்டன.

மறுநாள் வேன் திரும்பியது. அப்பா இறங்கி, அம்மா நீட்டிய காபியை வாங்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு இல்லை. சித்தப்பா பின்கதவைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். எங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய, போன அதே பெட்டிகள். கப்பலுக்குப் போன பெட்டி ஏன் வீடு திரும்புகிறது என்று எனக்குப் புரியவில்லை. "நல்லா ஒட்டியிருக்கறீங்க சித்தப்பா, ஒண்ணு கூடப் பிரியலீங்க" என்று சொன்னேன். அவர் அடுத்த பெட்டியை இறக்கப் போனார்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை மகளிடம் ஓடினேன். அவள் விரலிடுக்கிலிருந்து மணல் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

"கடலப் பாத்தியா புள்ள? கப்பலப் பாத்தியா? நெசமாலுமே கரையில நிக்கறவங்களால அத ஒண்ணும் பண்ண முடியாதா?"

அவள் குழாயை மூடினாள். அழகு காட்டவில்லை.

"மாமாவும் சும்மாதான் நின்னாரு."