செல்வமேரி எழுந்திருக்காத கல்

ஜீவரத்தினம் நகர் மூன்றாம் தெருவில் செல்வமேரிக்கு வாய்க்கொழுப்பு என்று சொல்வார்கள். சொன்னவர்கள் வீட்டில் யாரும் சாக்கடையில் விழவில்லை, அவ்வளவுதான்.

தாம்பரத்துக்குக் கிழக்கே அந்தத் தெருவில் சாக்கடைக்கு ஓரிடத்தில் மூடி இல்லை. திறந்த குழிக்கு நம் ஊரில் ஒரே மருந்து, முருங்கைக் கிளையை ஒடித்துச் சொருகுவது. சொருகினார்கள். 1990 மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் ஏறியதும் கிளை மிதந்து போய்விட்டது. ஷிப்டு முடிந்து வந்த அவள் புருஷன் யேசுதாசன் குழிக்குள் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்தான்.

செல்வமேரி நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். "அதான் கிளை வச்சிருக்காங்களே" என்றார் அங்கிருந்த ஒருவர்.

மறு வருஷம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. உடனே தெருவோரம் பிளீச்சிங் பவுடர், குழிமேல் சிமெண்டுக் கல். அதிகாரி போன மறுநாள் காலையில் கல்லை எடுத்துப்போக மேஸ்திரி துரைராஜ் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாக வந்தார். செல்வமேரி முறத்தில் அரிசியோடு போய்க் கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"எய்ந்திரும்மா. இது அஞ்சாந்தெரு கல்லு. ஒரு நாளைக்குன்னு பேத்துகினு வந்தோம்."

"அப்ப அங்க தொறந்தா கீது?"

அதற்குள் விஷயம் தெரிந்து ஐந்தாம் தெரு அம்மணி சண்டைக்கு வந்துவிட்டாள்.

"எங்க கல்லக் குடுடி."

"குடுத்தா இங்க எவனாச்சும் வுழுவான். உங்க குழியாண்ட ரெண்டு பேர நிக்க வச்சிட்டு வந்து ஒக்காரு. இன்னொரு கல்லு வராம நா எய்ந்துக்க மாட்டேன்."

அம்மணி முறைத்தாள். பிறகு போய்க் காவலுக்கு ஆள் வைத்துவிட்டு, நாலு பெண்களோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் புதுக்கல் வந்தது. அப்போதும் செல்வமேரி அசையவில்லை. ஐந்தாம் தெருக் குழியை மூடியாயிற்று என்று அம்மணி பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

"ஏது கல்லு?" என்று படுக்கையிலிருந்து கேட்டான் யேசுதாசன்.

"அவுங்க ஆபீஸ் கெடங்குலயே கெடந்துச்சாம்யா. நீ வுழுந்த மழைக்கு முன்னாடிலேர்ந்தே அடுக்கி வச்சிருக்கானுங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னும் நெறைய கீதாம்."

விடிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள்.