கல்லறைக்கு நாலு திருகாணி

என் அத்தான் ஒரு ஆளை இரண்டு நொடி உற்றுப் பார்த்தால், மூன்றாவது நொடி அந்த ஆள் அந்தத் தெருவிலேயே இருக்க மாட்டார். அத்தான் மேல் யாருக்கும் பகையில்லை. அவர் சவப்பெட்டி செய்கிறவர், அவ்வளவுதான். முப்பது வருஷத் தொழிலில் அவர் கண்ணுக்கே அளவுகோல் முளைத்துவிட்டது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவரைச் சும்மா பார்த்தாலும் அவர் வாய் முணுமுணுக்கும்: "அஞ்சடி ஏழு. தோள் கொஞ்சம் அகலம்." டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியவர்களை வரிசையாக நிறுத்தினால் கடல் வரைக்கும் போகும்.

கடையில் சுவரோரம் பெட்டிகள் நிற்கும். கடைசிப் பெட்டி குடைக்கும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும். வெயில் அதிகமானால் அதைக் காலி செய்து கீழே படுக்கவைத்து, அதிலேயே ஒரு தூக்கம் போடுவார். ஒருநாள் அப்படித் தூங்கும்போது ஒருவர் வந்து, "கடையில யாருங்க?" என்றார். அத்தான் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, "சொல்லுங்க, யாருக்கு?" என்று கேட்டார். வந்தவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கடையிலேயே தங்கிவிட்டது. இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம், உரியவர் வரவில்லை.

எனக்குப் பெயிண்ட் வேலை. அத்தான் திருகாணி போடுவார், நான் அதன் தலை தெரியாமல் பட்டி வைத்து வர்ணம் பூசுவேன். இருபது வருஷமாக இப்படித்தான்.

ஆனால் துக்க வீட்டில் போய் மூடியை மூடும் வேலையை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். சட்டைப்பையில் திருப்புளியோடு போவார். இடது உள்ளங்கையை மூடிமேல் வைப்பார், நாலு மூலைக்கும் நாலு திருகாணி, சத்தமே இருக்காது. "ரெண்டு ஆணி அடிச்சா வேலை முடிஞ்சுதே, ஏன் அத்தான் இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆணின்னா சத்தம் வரும் மாப்ள. அழுதுட்டு இருக்கிறவங்க நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அக்கா, அவர் மனைவி, இறந்துபோனாள். அந்தப் பெட்டியையும் அவரே செய்தார். நாலு திருகாணியையும் அவரே போட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் காலையில் சர்ச்சில் இயேசு உயிர்த்தெழுந்த கல்லறைக் காட்சி நடக்கும். கல் விலகியதும் முதல் அல்லேலூயாவை அவள்தான் பாடுவாள். தவக்காலம் நாற்பது நாளும் அந்த வார்த்தையைப் பாடக்கூடாதே, அத்தனையையும் வட்டியோடு சேர்த்து வைத்திருந்து ஒரே மூச்சில் விடுவாள். முன்வரிசை மெழுகுவத்தியில் குறைந்தது இரண்டு அணைந்துவிடும். அத்தான் பின்வரிசையில் உட்கார்ந்து, தானே பாடிய மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

அவள் போன பிறகு மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார், ஈஸ்டருக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மரத்தை இழைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் திறந்துச்சு திறந்துச்சுன்னு பாடுவாங்க மாப்ள. நான் மூடினதுல ஒண்ணுகூடத் திறக்கலையே." நான் வேடிக்கை பேசாமல் பட்டி குழைக்கப் போனேன். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மனைவிக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஃபாதர் கடைக்கு வந்தார். போன ஈஸ்டரில் அட்டைக் கல்லறைமேல் மின்விசிறிக் காற்று பட்டு, கல் பறந்து பாடகர் குழுத் தலைவரின் தலையில் உட்கார்ந்துவிட்டது. "மரத்துல பண்ணிக் குடுத்துடுங்க" என்றார்.

"செய்றேன் ஃபாதர். ஆனா வரமாட்டேன்."

"நான் கல்லறைதானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஃபாதர் போய்விட்டார். அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

அதைவிடப் பெரிய சங்கதி, அந்த முதல் அல்லேலூயாவை இந்த முறை அத்தானின் மகள் பாடுவதாக முடிவானது. தையல் கடையில் வேலை பார்க்கிற பெண், அப்பாவைப் போலவே பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவாள். "வாங்கப்பா" என்று அவள் கேட்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவில் மாட்டி வைத்தாள். என்னிடம் மட்டும் கேட்டாள்: "மாமா, அப்பா வருவாங்களா?"

"வராம எங்க போயிடுவாரு? நான் தூக்கிட்டு வரேன்" என்றேன். அத்தானின் எடைக்கு என்னைப் போல நாலு பேர் வேண்டும், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சில் கல்லறையை நிறுத்தினோம். குகை மாதிரி முகப்பு, அதன் வாசலில் ஆள் உயரத்துக்கு வட்டக் கல். கீழே காடி எடுத்து, அதில் கல் ஓடும்படி செய்திருந்தார். சுண்டுவிரலால் தள்ளினார், வெண்ணெய் மாதிரி உருண்டது. திரும்ப மூடினார். மூடியபிறகு இடது உள்ளங்கையைக் கல்மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் பெயிண்ட் கலக்க வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். கல்லின் ஓரத்தில் நாலு திருகாணித் தலைகள் பளபளவென்று இருந்தன. மூளை இருக்கிறவன் என்ன செய்திருப்பான்? ஏன் என்று கேட்டிருப்பான். நான் பட்டி வைத்தேன். மேலே சாம்பல் வர்ணம், அதன்மேல் நாலு வெடிப்பு, கொஞ்சம் பாசி. நிஜப் பாறை என்று நம்பி ஒரு பல்லி வந்து ஒட்டிக்கொண்டது. அதை மெச்சிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம் சர்ச் நிரம்பி வழிந்தது. கல்லறைக்குப் போகும் மூன்று பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. தைலப் பாத்திரத்தோடு வந்து, "கல்லறை வாயிலிலிருந்து கல்லை நமக்கு யார் புரட்டுவார்?" என்று உருக்கமாகக் கேட்டாள். தேவதூதர் வந்தார். எங்கள் சலூன்காரர்தான், சிறகு கொஞ்சம் கோணலாக இருந்தது. விரலால் தள்ளினார். கல் அசையவில்லை. கையால் தள்ளினார். தோளால் தள்ளினார். சிறகு ஒன்று கழன்று விழுந்தது.

"கல்லை நமக்கு யார் புரட்டுவார்?" என்று என் மனைவி மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை நேராக என்னைப் பார்த்தாள்: "ஏங்க, கல்லை நமக்கு யாருங்க புரட்டுவாரு?"

சர்ச்சே சிரித்தது. எனக்கு அப்போதுதான் அந்த நாலு தலையும் ஞாபகம் வந்தது. பாடகர் வரிசையில் அத்தான் மகள் சிரிக்காமல் சர்ச் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஓடினேன். மூன்று தெரு. நான் ஓடிய வேகத்தில் நாய்களே ஒதுங்கி வழிவிட்டன.

கடை திறந்திருந்தது. அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, காலில் ஷூ.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. சட்டை பத்துதான்னு போட்டுப் பாத்தேன்."

"எப்போ இருந்து பாக்கறீங்க?"

"நாலு மணில இருந்து."

நான் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிவந்த மூச்சிரைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அத்தான், கல்லு திறக்கல" என்றேன்.

"விரல்ல தள்ளினா போகுமே!"

"நாலு திருகாணி போட்டா எப்படிப் போகும்?"

"யாரு போட்டா?"

"நீங்கதான்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. "நாலு மூலைக்குமா மாப்ள?"

"வட்டத்துக்கு ஏது அத்தான் மூலை? ஆனா நீங்க கண்டுபிடிச்சுப் போட்டிருக்கீங்க!"

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. மூன்று வருஷமாகச் சிரிக்காத மனிதர் சிரித்ததில் சுவரோரப் பெட்டிகள் எல்லாம் கடகடவென்று ஆடின. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்து வெள்ளைச் சட்டைப் பையில் போட்டார். "வா" என்றார்.

அவர் சர்ச்சுக்குள் நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. நேராகக் கல்லிடம் போய், விரலால் தடவி, முதல் திருகாணி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். "யாருய்யா இவ்வளவு பட்டி வெச்சது?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒன்று கழன்றது. இரண்டு. மூன்று. பக்கத்தில் நின்ற ஃபாதரிடம் சொன்னார்: "முப்பது வருஷம் ஃபாதர். மூடத்தான் கூப்பிடுவாங்க. திறக்கச் சொல்லி இன்னிக்குத்தான் ஆள் வந்துச்சு."

நாலாவதில் கை நின்றது. இடது உள்ளங்கை கல்மேல் இருந்தது. என் மனைவி தைலப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மெதுவாகத் திருகினார். சுண்டுவிரலால் தள்ளினார்.

கல் உருண்டது. உள்ளே ஒன்றுமில்லை, மடித்து வைத்த வெள்ளைத் துணி மட்டும். தானே செய்த கல்லறைதானே, உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் குனிந்து வெகு நேரம் பார்த்தார். முழுசாகக் காலி என்று உறுதி செய்துகொள்கிற மாதிரி மூலைமூலையாகப் பார்த்தார்.

அப்போது அத்தான் மகள் வாயைத் திறந்தாள். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற பெண், மிச்ச ஒன்பதையும் அந்த ஒரு அல்லேலூயாவுக்காகத்தான் சேர்த்து வைத்திருந்தாள் போல. முன்வரிசை மெழுகுவத்தி அணைந்ததா என்று கேட்காதீர்கள். மூன்று அணைந்தது, நானே எண்ணினேன். அத்தான் பின்வரிசைக்குப் போகவில்லை. அங்கேயே, முதல் வரிசை ஓரத்தில், கையில் திருப்புளியோடு உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

பூசை முடிந்து வாசலில் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது அத்தான் ஃபாதரை இரண்டு நொடி உற்றுப் பார்த்தார்.

"இன்னிக்காவது என்னை அளவெடுக்காதீங்க" என்றார் ஃபாதர்.

"ஐயோ, இல்ல ஃபாதர். அடுத்த வருஷம் கல்லறை வாசலைக் கொஞ்சம் பெருசா வெக்கணும். நாளைக்கே ஆரம்பிச்சிடவா?"