ஒரே எண் கொண்ட இரண்டு வழிகள்

நார்வேயில் இறந்தவர்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பில், நேற்று இறந்தவருக்கு இரண்டு வாரம் கழித்து அடக்கம் என்றிருக்கும். உறவினர்கள் நிதானமாக விடுப்பெடுத்து வருவார்கள். முப்பது ஆண்டுகள் ஆகியும் அதைப் படித்தால் என் கால் தயங்கி நிற்கிறது. என் ஊரான அதிராம்பட்டினத்தில் காலையில் மூச்சடங்கினால் பிற்பகல் அஸர் தொழுகையோடு அடக்கம். கடல் தாண்டிப் போனவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

அதனால்தான் ராத்தா, என் அக்கா, படுக்கையில் விழுந்ததும் அவள் அறையில் ஒரு லினக்ஸ் கணினியும், எங்கள் முகம் தெரிய டிவியும், அதன் மேல் அவளைக் காட்டும் கேமராவும் வைத்தேன். "செல்போன்ல என் மொகத்த எடுக்காதீங்க, குரூப் குரூப்பா சுத்தும். கூடப் பொறந்தவங்க மூணு பேரும் பாத்தாப் போதும்" என்று மகள் சபீனாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். மூவர் என்பது சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் தம்பிகளும் நானும்.

அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய அன்று படம் கொஞ்சம் திக்கியது. கணினிக்குள் மென்பொருளாக ஓடிய இன்னொரு கணினி, மெய்நிகர் கணினிதான் வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கார்டை அதற்கே நேரடியாகக் கொடுத்தால் படம் சீராகும் என்று நினைத்தேன். கார்டில் கேபிள் செருகும் போர்ட் இரண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை நான் ஒஸ்லோவிலிருந்து கணினிக்குள் நுழைய வைத்துக்கொள்வதாகத் திட்டம். கணினி தொடங்கும்போது படிக்கும் கட்டளைகளில் கார்டின் அடையாள எண்ணை ஒரு வரியாக எழுதி மறுதொடக்கம் செய்தேன். இரண்டு போர்ட்டுக்கும் ஒரே எண் என்பதைப் பார்க்கவில்லை. கணினி இரண்டையும் விட்டுக்கொடுத்துவிட்டது. மெய்நிகர் கணினியைத் தானாக எழும்படி வைக்கவும் மறந்திருந்தேன். என் திரை கறுத்தது.

இதே வேலைக்குத்தான் ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் படம் அவ்வளவு மோசமில்லை. அவள் இழுப்பதைப் பார்த்தபடி சும்மா உட்கார முடியாமல் கைக்கு ஒரு வேலை தேடிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் சபீனா போனில் கூப்பிட்டாள். "மாமா, உம்மா மவுத்தாயிட்டாங்க."

அழக்கூட விடாமல் அவளைக் கணினி முன் உட்கார வைத்தேன். "அணைச்சுப் போடும்மா. மொத பக்கம் வந்ததும் நிறுத்தி, நான் சொல்ற வரிய அழி."

"பக்கம் ஓடிப்போச்சு மாமா."

"திரும்பப் போடு."

"குளிப்பாட்டக் கூப்பிடுறாங்க. நான் போகணும்."

"அப்ப போன்லயாவது ஒரே தடவ காட்டு."

"வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

அண்ணனான என்னைத் தம்பிகள் மாறி மாறி அழைத்தார்கள். "படம் ஏன் வரல காக்கா?" ஊரில் கரண்ட் இல்லை என்றேன். அந்தப் பொய்யை இதுவரை திருத்தவில்லை. இதைப் படித்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

நடைவழிக்கு வந்தேன். பக்கத்து வீட்டு இங்ரிட் என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். அக்கா இறந்துவிட்டாள், ஒரு மணி நேரத்தில் அடக்கம் என்றேன். "ஒரு வாரத்தில் என்று சொல்லவேண்டும்" என என் நார்வீஜியனைக் கனிவாகத் திருத்திவிட்டு, டிக்கெட் போட உதவட்டுமா என்று கேட்டாள்.

மய்யித்தை, அவள் உடலை, எடுத்துப்போன பிறகுதான் சபீனா திரும்பி வந்து அந்த வரியை அழித்தாள். நான் உள்ளே நுழைந்து மெய்நிகர் கணினியை எழுப்பியதும் படம் வந்தது. வெறும் கட்டில். சுற்றிலும் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் டிவியில் என் முகத்தைக் கண்டு பதறி முக்காட்டை இழுத்தார்கள்.

"யாருடி இந்த ஆம்பள?"

"எங்க மாமாதான்."

"உனக்கு மாமா. எங்களுக்கு?"

ஒருத்தி எழுந்து வெள்ளை விரிப்பொன்றை எடுத்து, கேமராவோடு சேர்த்து டிவியைப் போர்த்தினாள். நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஒஸ்லோவில், அந்த வெள்ளைத் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, என் அக்காவுக்காக அவர்கள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.