நிலாவில் ஆடாத ஊசல்

செலின் டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். பூந்தமல்லியில் பிறந்து, ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு, கள்ளிக்குப்பத்துத் தனியார் பள்ளியில் அறிவியல் நடத்தியவள். மூக்கைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள். எண்பத்தேழாம் வருஷம் பள்ளியில் பொருட்காட்சி வைத்த வாரம் அந்த மூக்கு மிளகாய்ப்பழமாகவே இருந்தது. இருக்காதா பின்னே?

பொருட்காட்சிக்கென்று அவள் ஓர் ஊசல் செய்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பழைய இரும்புக் கடையில் அவள் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் தேடிப் பிடித்த பேரிங்கை ஒரு பலகையில் பதித்து, அதில் கம்பி கோத்து, கம்பி நுனியில் கனத்த நட்டு ஒன்றை முறுக்கியிருந்தாள். பலகையை நிமிர்த்தி வைத்துத் தட்டிவிட்டால் நட்டு டக் டக்கென்று ஆடும். அது பூமி. அதையே சாய்த்துக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தால் நட்டின் கனத்தில் பெரும்பங்கைப் பலகை தாங்கிக்கொள்ளும். கீழே இழுக்கிற இழுப்பு குறைந்துபோகும். அரைத் தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி நட்டு மெல்லப் போய் மெல்ல வரும். அது நிலா. நிலாவின் இழுப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்குதான். ஆனாலும் இழுப்பு இழுப்புத்தானே! மறுபடி நிமிர்த்தி, நட்டுக்கு அடியில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்தால் படபடவென்று ஆடும். அது வியாழன்; நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிற கிரகம்.

இத்தனையும் செய்து வைத்துவிட்டு, பொருட்காட்சிக்கு முதல்நாள் மத்தியானம் கூடத்துக்குள் வந்தவள், சுவரில் பெயிண்டர் மனோகரன் எழுதிக்கொண்டிருந்த போர்டைப் பார்த்தாள்.

‘நிலாவில் புவியீர்ப்பு இல்லை. ஆகவே ஊசல் ஆடாது. வழிகாட்டி: செலின்.’

"யாருய்யா இப்படி எழுதச் சொன்னது?"

"தாளாளர் சார்தான் டீச்சர். நான் இன்னா, சொல்றத எழுதிகினு கீறேன்."

தாளாளர் தேவராஜ் அந்தப் பள்ளிக்கே முதலாளி. செலின் அவர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது.

"புவின்னா என்னம்மா?" என்றார் அவர், சாவகாசமாக.

"பூமி சார்."

"நிலாவுல பூமி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எங்கேர்ந்து வரும் புவியீர்ப்பு? சொல்லுலயே இருக்கே!"

செலினுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இதே சொல்லைத்தானே இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கூவச் சொன்னாள்?

"பூமி இழுத்தா அது புவியீர்ப்பு. நிலா இழுத்தா அதுக்கு வேற பேர் வச்சுக்கலாம். பேர் இல்லேன்னா இழுக்காதா? பேர் தெரியாதவன் உங்க கால மிதிச்சா வலிக்காதா சார்?"

அவரைக் கூடத்துக்கே இழுத்துவந்து பலகையைச் சாய்த்துக் காட்டினாள். நட்டு நிதானமாகப் போய்வந்தது. தேவராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீ சாய்ச்சே, மெதுவா ஆடுது. நிலா என்ன சாய்ஞ்சா இருக்கு?"

மனோகரன் பிரஷ்ஷோடு திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்போ என் பேரையாவது எடுங்க. பொய்க்கு அடியில என் பேர் எதுக்கு?"

"வேலை நிரந்தரம் ஆகணுமா வேணாமா? யோசிச்சுப் பேசு."

யோசிக்கவெல்லாம் இல்லை. மனோகரனின் மண்ணெண்ணெய்த் துணியைப் பிடுங்கினாள். ஈரம் காயாத எழுத்தை ஓர் இழுப்பு இழுத்தாள். ‘ஆடாது’ நீலச் சேறாக வழிந்தது.

"நாளையிலேர்ந்து வராதே!" என்றார் தேவராஜ்.

"வரேன். என் பலகைய எடுத்துட்டுப் போக வரேன்."

மறுநாள் காலை வந்தாள். போர்டு பளபளவென்று இருந்தது. ‘ஊசல் ஆடாது’ அப்படியே. அடியில் மட்டும் ‘வழிகாட்டி: தேவராஜ்’. கேட்டது கிடைத்துவிட்டது. கோபம் தணிய வேண்டுமே? தணியவில்லை, இன்னும் ஏறியது. வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வரியைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகள் வாயில் ஏறுவது அதே பொய்தான்.

பலகையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. பள்ளி வாசலை ஒட்டிய பெட்டிக்கடையில் காலி சோடாப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பலகையை அதன்மேல் நிறுத்தினாள். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். பொருட்காட்சிக்கு வந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். உள்ளிருந்து தேவராஜ் ஆளனுப்பினார். "ரோடு உங்க தாளாளரோடதா?" என்று கேட்டு அனுப்பினாள்.

மூக்கு சிவக்கச் சிவக்கச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கூலி வாங்கிக்கொண்டு வெளியே வந்த மனோகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"டீச்சர், பூமிய பாத்துட்டேன். அந்த நிலாவ ஒரு தபா படுக்கப் போடு."

போட்டாள்.