உடைசல் கூடைக்கு

தையல்நாயகி அக்கா இறந்த செய்தியை அவளுடைய மகள் செல்விதான் போனில் சொன்னாள். நான் அப்போது திருக்காட்டுப்பள்ளியில் என் மகன் வீட்டில் இருந்தேன். “மாமா, அம்மா போயிடுச்சு” என்றாள். அழுகைக்கு நடுவிலேயே அடுத்த பேச்சும் வந்துவிட்டது. “அண்ணன் துபாய்லேருந்து நாளைக்குத்தான் வருது. கம்பெனிலேருந்து பெட்டி அனுப்புறோம்னு சொல்றாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல மாமா. நீங்க வாங்க.”

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. எங்கள் கடற்கரையில் கம்பெனி என்றால் இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்த ஒன்றுதான். பெட்டி என்றால் பிணம் கெடாமல் இருக்க வைக்கிற கண்ணாடிப் பெட்டி. வேலைக்கு வருகிறவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் இலவசமாக அனுப்புகிறார்களாம். செல்வி அங்கேதான் இறால் உரிக்கிறாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு ஐஸ் இவளுக்குப் போகக் கூடாது என்று ஐஸ் பேக்டரி ஜன்னலை மூடச் சொன்னவர்கள், செத்த பிறகு குளிர வைக்க வருகிறார்களா? பஸ் வேதாரண்யம் வந்து சேரும்வரை இதையே சொல்லிச் சொல்லி மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் அக்காவை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடியக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கூடையில் மீன் சுமந்து விற்றவள். கடலோரத்தில் விற்கவில்லை. பஸ் ஏறி உள்ளே, திருத்துறைப்பூண்டியைச் சுற்றியிருக்கும் நெல் கிராமங்களுக்குப் போவாள். அறுவடைக் காலத்தில் மீனுக்கு நெல்லைத்தான் வாங்குவாள். களத்து மேட்டில் கூலி நெல்லோடு வரும் பெண்கள் அக்கா கூடையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மத்தியான வெயிலில் அங்கே நடக்கும் பேச்சும் சிரிப்பும் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்.

நான் டவுனில் இருந்த ஐஸ் பேக்டரியில் ஆபரேட்டர். தகரக் கேன்களில் தண்ணீர் பிடித்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது, அமோனியா கம்ப்ரஸரைக் கட்டி மேய்ப்பது, உறைந்த ஐஸ் பார்களைக் கழற்றிச் சறுக்குப் பலகையில் விடுவது, இதுதான் என் வேலை. கழற்றும்போது சில பார்கள் உடைந்துபோகும். அதற்கு உடைசல் என்று பெயர். முழுப் பார் லாரிக்கும் படகுக்கும் போகும். உடைசல் கூடைக்கு. இது எங்கள் பேக்டரி வழக்கம். யார் ஆரம்பித்ததோ தெரியாது, எந்த முதலாளியும் அதில் கை வைத்ததில்லை. கூடைக்காரப் பெண்கள் ஜன்னலுக்கு வந்து உடைசலைச் சாக்கில் வாங்கி, அங்கேயே கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் இடித்து, மீனுக்கு அடியிலும் மேலும் பரப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். சித்திரை மாதத்தில் அந்த ஐஸ் இல்லாவிட்டால் மீன் ஊர் போய்ச் சேராது. அவ்வளவு பெண்களின் பிழைப்பும் அந்த உடைசலில்தான் இருந்தது.

ஜன்னலுக்கு ஆள் வருமுன் அக்காவின் குரல் வந்துவிடும். “ஏம்ப்பா சண்முகம், உன் மிஷின் மூச்சு விடுதா, இல்ல ரெண்டு பேரும் சேந்து தூங்குறீங்களா?” ஒரு நாள் ஒரு பார்கூட உடையவில்லை. எனக்கு ஒரே பெருமை. முதலாளியிடம் நல்ல பேர் கிடைக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அக்கா காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “கையில பக்குவம் வந்துடுச்சுன்னு ரொம்பக் குளிராத தம்பி. உன் பக்குவம் என் கூடையை நாறடிச்சிடும்.” பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் கை தினமும் கொஞ்சம் வழுக்கியது.

அப்புறம் கம்பெனி வந்தது. அதற்கு முன்னால் குட்டைகள் வந்தன. குத்தகைக்காரர்களைக் கிளப்பிவிட்டு, நெல் விளைந்த நிலத்தை வெட்டி, கடல் தண்ணீரை ஏற்றி இறால் வளர்த்தார்கள். எந்தக் கட்சி ஆட்சி என்று என்னைக் கேட்காதீர்கள். கரை வேட்டியின் கரை மாறியது, மேடைத் தமிழ் மாறவில்லை. உழுதவனுக்கே நிலம் என்று எங்கள் சுவரில் எழுதியவர்களே குட்டைக்குத் திறப்பு விழா நடத்திப் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பக்கத்து வயலில் உப்பு ஊறி நாற்று கருகியபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நட்டு, களை பறித்து, அறுத்து ஊரே பிழைத்த நிலத்தில், ஒரு காவல்காரனும் இரண்டு நாயும் போதும் என்று ஆகிவிட்டது.

அக்கா வழக்கமாகப் போகும் கிராமத்தில் ஒரு பெண் கூடையைப் பார்த்துவிட்டுத் தலை கவிழ்ந்து நின்றாளாம். “குடுக்கறதுக்கு நெல்லு இல்ல ஆத்தா, வயலே இல்ல” என்றாளாம். அக்கா அவள் சட்டியில் மீனைக் கொட்டிவிட்டு நேரே குட்டைக் கரைக்குப் போய், காவல்காரனிடமிருந்து தொடங்கி மந்திரிவரை ஒருவர் பாக்கியில்லாமல் ஏசிவிட்டு வந்திருக்கிறாள். குட்டைகளை மூடச் சொல்லி விவசாயக் கூலிகள் சாலையில் உட்கார்ந்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். போலீஸ்காரர் ஒருவர், “உனக்கு என்னம்மா நிலமா இருக்கு, நீ எதுக்கு இங்க?” என்று கேட்டார். “அவங்களுக்கு வயல் இருந்தாத்தான் சார் எனக்கு அடுப்பு எரியும்” என்றாள். அவளையும் சேர்த்து எல்லாரையும் வேனில் ஏற்றினார்கள், சாயங்காலம் விட்டார்கள்.

கம்பெனி திறந்த புதிதில் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். டை கட்டிய அதிகாரி ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். உலகம் முழுக்க இனிமேல் எல்லாம் குளிரில்தான் போகுமாம். காய், கறி, மீன், பால், மருந்து எல்லாமே. அதற்குப் பெயர் கோல்டு செயின். “கடல்லேருந்து ஜப்பான்காரர் தட்டு வரைக்கும் இந்தச் சங்கிலி ஒரு இடத்துலயும் அறுபடக் கூடாது. அறுந்தா சரக்கு குப்பைதான்” என்றார். எல்லாரும் கை தட்டினோம். அக்கா எழுந்து கேட்டாள்: “நல்லா இருக்கு சார். அந்தச் சங்கிலியில எங்க கூடை எங்க இருக்கு?” அவர் சிரித்தபடி, “உள்ளூர் வியாபாரம் இதுல வராதும்மா” என்றார். “அப்ப எங்க வயித்துலேருந்து அறுத்துத்தான் உங்க சங்கிலிய நீட்டுறீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவள் சொன்னது அந்தச் சித்திரையிலேயே நடந்தது. கரண்ட் எங்களுக்குப் பாதி நாள் இருக்காது, தொட்டியில் ஐஸ் பிடிக்காது. கம்பெனிக்கு ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் இறால் பிடிக்கும் பருவத்தில் குட்டையிலிருந்து சரக்கை அள்ளி வர அவர்களுக்கு மலை மலையாய் ஐஸ் வேண்டும். எங்கள் முதலாளியிடம் மொத்த ஐஸையும் பேசி முடித்துவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஜன்னலைச் சாத்திடு. உடைசலும் சேத்துதான் அவங்களுக்கு” என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். “பேக்டரி உன்னுதா, என்னுதா?” என்றார். ஜன்னலுக்கு வெளியே இருந்து ஆணி அடித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் சாக்கோடு வந்து மூடிய ஜன்னலைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் கேட்டைச் சுற்றிக்கொண்டு லாரிப் பக்கம் வந்தாள். சறுக்குப் பலகையில் பார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிப் போய்க்கொண்டிருந்தன. என் காலடியில் கிடந்த கொட்டாப்புளியை எடுத்தாள். முதல் பாரின் நடு முதுகில் ஒரு போடு. அது இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. யாராலும் நெருங்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, ஐஸ் சில்லு முகத்தில் தெறிக்க, அவள் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. லாரி டிரைவர் இறங்கி ஓடிப்போய்ப் போலீசை அழைத்துவந்தார்.

“கம்பெனி ஐஸை ஏம்மா உடைச்சே?” என்றார் ஏட்டு.

“முழுப் பார் கம்பெனிக்கு. நான் இல்லேங்கல. இது உடைஞ்சது. உடைஞ்சது யாருக்குன்னு இந்த ஆபரேட்டரைக் கேளுங்க” என்று என்னைக் கை காட்டினாள்.

முதலாளி என்னை முறைத்தார். அந்த முறைப்பில் என் வேலை, என் பிள்ளைகளின் சோறு எல்லாம் இருந்தது. ஆனாலும் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. “உடைசல் கூடைக்குங்க” என்றேன். அவ்வளவுதான், பெண்கள் சாக்கை விரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ஏட்டுக்கு எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று புரியவில்லை, முதலாளிக்கு மிச்சமாவது லாரியில் ஏறினால் போதும் என்று ஆகிவிட்டது. ஜன்னல் ஆணியை அவரே பிடுங்கச் சொன்னார். அக்கா அன்று கொட்டாப்புளியையும் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பலமுறை கேட்டேன். “இருக்கட்டும், மறுபடி வேலை வரும்” என்பாள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. ஒருமுறை கம்பெனிச் சரக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. வழியில் எங்கேயோ கண்டெய்னரில் குளிர் விட்டுப் போய்விட்டதாம். எங்கே, யார் தப்பு என்று கேட்டால் துறைமுகக்காரன் லாரிக்காரனைச் சொன்னான், லாரிக்காரன் கம்பெனியைச் சொன்னான். கடைசியில் அதைக் கூடைக்காரப் பெண்களிடம் மலிவாகத் தள்ளப் பார்த்தார்கள். பளபளக்கும் அட்டைப் பெட்டிகள். அக்கா ஒன்றைக் கிழித்து, சரக்கைக் கொண்டுவந்தவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “வெளிநாட்டுக்காரன் வாய்க்கு ஆகாதது எங்க ஊருப் புள்ளைங்க வாய்க்கு ஆகுமோ? நீ முதல்ல தின்னு காட்டுடா” என்றாள். அவன் பெட்டியை விட்டுவிட்டு நடையைக் கட்டினான். இன்றைக்கு அந்தக் கம்பெனியின் விளம்பரத்தில் ‘சுத்தம்’ என்று போட்டிருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்றம்தான் வருகிறது.

பிறகு கம்பெனி சொந்தமாக ஐஸ் செய்துகொண்டது. எங்கள் பேக்டரி மூடப்பட்டது. அக்காவின் மகன் துபாயில் ஒரு குளிர்கிடங்கில் சுமை தூக்கப் போனான். வெளியே நெருப்பாய்க் காயுமாம், உள்ளே கம்பளி போட்டுக்கொண்டு உறைந்த பெட்டிகளை அடுக்குவானாம். மகள் இறால் உரிக்கப் போனாள். விரல் நுனி வெளுத்து, தோல் உரிந்து வீட்டுக்கு வருவாள். அக்கா மகளின் விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கம்பெனியைத் திட்டுவாள். கூடையைக் கடைசிவரை விடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெட்டி வந்து இறங்கியிருந்தது. பக்கவாட்டில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். கூடவே ஒரு பேனர்: ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்று அக்கா படத்தோடு. யார் குடும்பத்தில் யார்? நான் வாயைத் திறக்குமுன் செல்வி எழுந்து வந்தாள்.

“சார், பெட்டி வேணாம். எடுத்துட்டுப் போங்க.”

பெட்டியோடு வந்திருந்த கம்பெனி அதிகாரி அன்பாகத்தான் பேசினார். “அம்மாவ இந்த வெயில்ல எப்படிம்மா வச்சிருப்பே? கரண்ட் போனாக்கூட ஜெனரேட்டர் இருக்கு. யோசிச்சுக்க. நாளைக்கு நீ வேலைக்கு வரணும்ல?”

“நான் வர்றேன் சார்” என்றாள் செல்வி. “அம்மா வராது.”

வாசலில் நின்ற கூடைக்காரப் பெண்கள் பேனரைக் கழற்றிச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தார்கள். நான் லோடு ஆட்டோ பிடித்துப் போய், பக்கத்து ஊரில் இன்னும் ஓடும் ஒரு பேக்டரியிலிருந்து முழுப் பார்களாக ஏற்றி வந்தேன். வாசலில் உமியைப் பரப்பி இறக்கினோம். செல்வி உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கொட்டாப்புளியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். “உடைச்சுக் குடுங்க மாமா. அம்மா முழுப் பார் வாங்காது.” நான் அழுதுகொண்டே உடைத்தேன். பெண்கள் உடைசலை முறத்தில் அள்ளிப் போய் அக்காவைச் சுற்றிப் பரப்பினார்கள், மீனுக்குப் பரப்புகிற அதே கைப்பழக்கத்தோடு. மறுநாள் மகன் வந்து முகம் பார்க்கும்வரை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

காரியம் முடிந்து செல்வி வேலைக்குப் போனாள். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆள் அதிகமாம். இப்போது அம்மாவின் கூடையை எடுத்திருக்கிறாள். கொட்டாப்புளியை நான் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று திருக்காட்டுப்பள்ளிக்குக் கொண்டுவந்திருந்தேன். போன வாரம் போன் செய்தாள்: “மாமா, அது எனக்கு வேணும். ஐஸ் உடைக்கணும்.” நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஆக, அக்காவினுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய கோபம் ஒன்றுதான். அதில் உடைசல் கிடையாது. முழுசாக இருக்கிறது.