முறத்தில் விழுந்த படங்கள்

முதன்முதலாக என்னைப் படம் பிடித்தபோது எனக்கு இரண்டு தலை இருந்தது. ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது, மற்றது ஈயைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆடாமல் நில் என்று மாமா படித்துப் படித்துச் சொன்னதை இரண்டில் ஒரு தலையும் காதில் வாங்கவில்லை. ஒற்றைத் தலையோடு நான் படுத்துகிற பாடே போதும், இன்னொன்று எதற்கு என்பதுதான் அந்தப் படத்தைப் பற்றி வீட்டில் எல்லோரும் சொன்ன கருத்து.

அப்போது நாங்கள் வண்டன்மேட்டில் இருந்தோம். மலை திருவிதாங்கூர் சர்க்காருடையது, மலையேறிப் பிழைக்க வந்தவர்கள் பெரும்பாலும் கம்பத்துப் பக்கத்து ஆட்கள். ஒரு துரையின் ஏலத்தோட்டத்தில் அப்பா தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். காயை உலர்த்துகிற கட்டிடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அங்கே காய்ந்து வந்த ஏலக்காயைப் பெண்கள் முறத்தில் பரப்பி, வெடித்ததையும் சொறி பிடித்ததையும் பொறுக்கி எறிவார்கள். மிஞ்சியதை அப்பா முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார். அம்மாவும் பொறுக்கப் போவாள். கல்யாணமாகி மலையேறியபோது அம்மா கொண்டுவந்த சீதனம் இரண்டுதான்: ஒரு வெண்கலப் பானை, ஒரு தம்பி. தாய்தகப்பன் இல்லாத பையனைக் கீழே யாரிடம் விட்டுவருவது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். பானை நான் பிறப்பதற்கு முன்பே ஓட்டையாகிவிட்டது. தம்பி வளர்ந்து ஆளாகி, அதே ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலைக்குப் போனார். அவர்தான் மாமா.

துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, தன் நாயை வருஷக்கணக்கில் குளிப்பாட்டிய நன்றிக்காக மாமாவிடம் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாயைக் கொடுப்பார் என்றுதான் நான் காத்திருந்தேன். பெட்டிக்கு முன்பக்கம் ஒரு கண், மேலே தீப்பெட்டி அகலத்தில் ஒரு கண்ணாடி. வயிற்றோடு சேர்த்து வைத்துக் குனிந்து பார்த்தால் எதிரே நிற்கிற ஆள் குட்டியாக உள்ளே நிற்பார். எடுத்து முடித்த பிலிம் சுருளைக் கழுதைக்காரர் மடியில் முடிந்துகொண்டு, ஏலக்காய்ப் பொதிகளோடு கம்பம்மெட்டு வழியாக இறங்குவார். கம்பத்து மண்டியிலிருந்து அது மதுரைக்குப் போய், ஒரு ஸ்டுடியோவில் கழுவப்பட்டு, வந்த வழியே கழுதை வேகத்தில் திரும்பி வரும். அதற்குள் யாரைப் படம் எடுத்தோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

படம் வந்த அன்று அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். எதைச் சோதிப்பதானாலும் எங்கள் வீட்டில் முறத்தில் போட்டுத்தான் சோதிப்போம். உள்ளங்கை அகலப் படங்களை அதில் பரப்பி, அப்பா, அம்மா, எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, நான் என்று சுற்றி உட்கார்ந்து குற்றம் பொறுக்குவோம். நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. மாமா ஒருநாள் அதைக் கேட்டே விட்டார். அப்பா அமைதியாகச் சொன்னார்: "நல்ல காயை நல்லதுன்னு சொல்ல ஆளு எதுக்கு மாப்ள? அது தன்னால விலைக்குப் போகும். சொத்தையப் பொறுக்கத்தான் ஆளு வேணும்."

அத்தைக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கால். பேய்க்குத்தான் கால் இருக்காது. உயிரோடு இருக்கிற மனுஷனை முழங்காலோடு நிறுத்திப் படம் எடுத்தால் அவனைப் பேயாக்கியதாக ஆகாதா? ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியின் படம் ஒன்று அப்படித்தான் வந்திருந்தது. "அந்தக் கங்காணி பொண்டாட்டி இதப் பாத்தா தாலியப் பிடிச்சுக்கிட்டு அழுவா தம்பி" என்பாள். மாமா அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த தடவை கங்காணியின் கால் வரவேண்டும் என்று பின்னால் போனார், போனார், ஏலச்செடிக்குள் இறங்கும்வரை போனார். படத்தில் கங்காணி கடுகளவு வந்திருந்தார். அத்தை அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்து, கால் இருக்கிறது என்று திருப்தியாகத் தலையாட்டினாள். அது தன் புருஷன்தானா என்று கங்காணியின் மனைவிக்குத்தான் கடைசிவரை சந்தேகம்.

நான் எதற்குக் குற்றம் சொல்வேன் என்று கணக்கே கிடையாது. எல்லோரையும் சிரிக்கவைத்தால் அது நல்ல குற்றம். மர நிழலில் எடுத்த ஒரு படம் முழுக்க இருட்டாக வந்தபோது, மீசை மட்டும் வந்திருக்கிறது, ஆள் பின்னால் வருவார் என்றேன். அன்று எனக்கு ஒரு வாய் சோறு கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு தலையோடு படத்தில் நின்றவன் மற்றவர்கள் படத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறேனே என்று எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

உருப்படியாகச் சொன்னவர் அப்பா. காயின் நிறத்தை நேர்வெயிலில் பார்க்கக்கூடாது, எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மரத்தடியிலும் பார்க்கக்கூடாது, எல்லாம் கறுப்பாகத் தெரியும். ஸ்டோர் வாசலில், நிலைக்கு உட்புறமாக வைத்துப் பார்க்கவேண்டும். "காய்க்கு எதுவோ அதுதான் மூஞ்சிக்கும். வாசலுக்குக் கொண்டாந்து உக்கார வையி" என்றார். அதன்பிறகு மாமா கழுதைக்காரரை ஸ்டோர் வாசலில் உட்காரவைத்து எடுத்தார். முறத்தில் அந்தப் படம் விழுந்ததும் அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். நரைத்த தாடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கழுதைக்காரர் அதை வாங்கிப் போய்த் தன் கழுதைகளுக்கெல்லாம் காட்டினார் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன். அதில் பாதி உண்மை.

படங்கள் தேறத் தேற அம்மாவின் குற்றங்கள்தான் பொடிப்பொடியாக ஆயின. முதலில் ஒழுங்கான குற்றமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் திரும்பிய ஒருத்தியின் படத்தைப் பார்த்து, "ஒத்தக் காதுதான் இருக்கு. இன்னொரு காத எங்கடா வச்ச? புருஷங்காரன் வந்து கேப்பான்" என்றாள். அது நியாயம். பிறகு, ஆடு இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றாள். கோழி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்றாள். கழுதைக்காரர் படத்தில் ஒரு குற்றமும் கிடைக்காமல் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கறை இருக்கிறது என்றாள். குற்றம் பொறுக்குவதில் எனக்கு ஒரே போட்டி அம்மாதான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கழுதைக்காரர் ஒரு தடவை படங்களோடு ஒரு சேதியும் கொண்டுவந்தார். மதுரை ஸ்டுடியோக்காரர் மண்டியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்: படங்களை இத்தனை நாளாகக் கழுவிப் பார்க்கிறேன், எடுக்கிறவனை அனுப்பினால் வைத்துக்கொள்கிறேன், தொழில் பழகலாம். மாமா விறகுக் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"ஒங்க அக்கா சரின்னா எனக்கென்ன" என்றார் அப்பா.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "போகட்டும். ஒரு குத்தமும் சொல்ல முடியாதபடி ஒரு படம் எடுத்துக் காட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"நீ சொல்ல முடியாதபடியா?" என்றார் மாமா.

"நாந்தான் சொல்லுவேன். பின்ன கழுதையா சொல்லும்?"

மாமா அடுத்த சுருள் முழுவதையும் யாருக்கும் தெரியாமல் எடுத்தார். யாரை, எங்கே என்று கேட்டால் சிரிப்பார். அது மதுரைக்குப் போய்த் திரும்பும்வரை அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒருமுறை சூடு மிஞ்சி ஒரு தட்டுக் காய் கருகிவிட்டது. அப்பா அதற்கு அவரைத் திட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வந்தது. மாமா ஒரே ஒரு படத்தை எடுத்து முறத்தில் வைத்தார்.

அம்மாவின் படம். ஸ்டோர் வாசலில் காலை நீட்டி, மடியில் முறத்தோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். தன்னை எடுப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு காதும் இருந்தன, தோட்டின் கல்கூடத் தெரிந்தது. நீட்டிய காலில் மெட்டி தெரிந்தது. அத்தை விரல்களை எண்ணி, பத்தும் இருக்கிறது என்று முறத்தை நகர்த்தினாள். அப்பா படத்தை வாசல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முறத்திலேயே திரும்ப வைத்தார். நான் என் பங்குக்கு ஆனமட்டும் தேடினேன். மடியில் இருந்த காய்களில் சொத்தை ஏதாவது தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

முறம் அம்மாவின் மடிக்கு வந்தது. அவள் தன்னையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மாமா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா ஏதாவது ஒரு பொடிக் குற்றம் சொன்னால் போதும், அவர் ஆயுசு முழுக்க விறகு தள்ளவேண்டியதுதான். அது எனக்கே தெரிந்தது.

"குத்தம் இருக்கு" என்றாள் அம்மா. "இதுல மட்டுமில்ல, எல்லாப் படத்துலயும் இருக்கு. ஒண்ணுலயாச்சும் நீ இருக்கியா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எடுக்கிறவன் எப்படிப் படத்தில் வருவான்? பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவனைப் பெட்டியின் கண் எப்படிப் பார்க்கும் என்று அம்மாவுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று.

"அப்ப போகவேண்டாங்கிறியாக்கா?"

"அந்தக் குத்தத்தச் சரி பண்ணிட்டுப் போன்னேன்."

மாமா பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்பாவுக்குக் கை நடுங்கும், அத்தை அதைத் தொடமாட்டாள், மிஞ்சியது நான். அவர் கிளம்புகிற அன்று காலை, பொதி ஏற்றிய கழுதைகள் காத்துக்கொண்டிருக்க, மாமாவையும் அம்மாவையும் ஸ்டோர் வாசலில் நிற்கவைத்தேன். மாமா நெடுநெடுவென்று வளர்ந்தவர், அம்மா அவர் தோளுக்குக் கொஞ்சம் மேல். "காலு, காலு, கால விட்டுராத" என்று அத்தை என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயிலில் கண்ணாடி மினுங்கியது. நான் குனிந்து, நாலு பாதமும் கண்ணாடிக்குள் வந்து சேரும்வரை பெட்டியைக் கீழே சாய்த்து, மூச்சை அடக்கி எடுத்தேன். இந்தத் தடவை நான் ஆடவே இல்லை. பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மாமா கழுதைகளுக்குப் பின்னால் போனார். வளைவில் திரும்பி என்னைப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டித் தன் தலையைத் தொட்டுச் சிரித்தார்.

அந்தச் சுருளை மாமாவே மதுரையில் கழுவி அனுப்பியிருந்தார். படம் வந்ததும் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நாலு பாதமும் பளிச்சென்று விழுந்திருந்தன. அம்மாவின் முகமும் முழுசாக வந்திருந்தது. மாமா கழுத்துவரை இருந்தார். அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது.

அப்பா வாசல்வரை கொண்டுபோகாமலே சிரித்துவிட்டார். அத்தை, இருபது விரலும் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்காகப் பேசினாள். நான் அம்மாவின் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். கோழியின் ஒற்றைக் காலையும் பின்பக்கக் கறையையும் விடாதவள், இன்றைக்கு என்னை உரித்துவிடுவாள்.

அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். "குத்தம் ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கே பொறுக்கவில்லை. "தலையே இல்லம்மா" என்றேன்.

"அந்தத் தல எனக்குத் தெரியும்டா. நீ கையப் பாரு."

பார்த்தேன். எடுக்கும்போது நான் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனித்திருக்கவில்லை. அம்மா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் விரல்களை எண்ணினேன். நாலுதான் இருந்தன. அத்தனை இறுக்கமான பிடியில் கட்டைவிரல் அந்தப் பக்கம் மறைந்துபோயிருந்தது. அதையும் ஒரு குற்றமாகச் சொல்லிவிட்டுத்தான் நான் சாப்பிடப் போனேன்.