பத்திரிகைக்கு இரண்டு மொழி, கீபோர்டு ஒன்று

"இது எந்த ஊரு பாஷைங்க?"

பெண்ணின் அப்பா தாளை என் பக்கம் திருப்பினார். சற்றுமுன் பிரிண்டரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். ஒரு பக்கம் தமிழ், குறை சொல்ல முடியாது. மறுபக்கம் தெலுங்கு. முதல் வரி தெலுங்கில் இருந்தது. அதற்குக் கீழே எந்த மொழியிலும் சேராத தமிழ் எழுத்துகள், சந்தை கலைந்த மாதிரி. மாப்பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ணகரமும் ஒரு கேள்விக்குறியும் நின்றன.

அதை அடித்த கம்ப்யூட்டருக்கு அன்று காலையில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கமாண்டுகளை நெட்டில் பார்த்துக்கொள்ளலாம். இது நெட்டில் கிடைக்காது.

காலையில் நடந்தது

திருத்தணி மலைக்கு ஏறும் ரோட்டில் முனிரத்தினம் அண்ணனின் டிடிபி கடை. பழைய மெஷினை வைரஸ் தின்று தீர்த்துவிட்டது. எங்கள் ஊரில் 'ரிப்பேர்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "மெஷின் மொறைக்குது" என்பார்கள். அது மொறைத்து மொறைத்து ஒருநாள் கண்ணையே மூடிவிட்டது. புது மெஷினில் லினக்ஸ் போடலாம், வைரஸ் தொல்லை குறையும் என்று சொன்னேன். சரி என்றார்.

அங்கே டைப் அடிப்பவர் கிரேஸ் அக்கா. இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர். டைப்ரைட்டர் முறையைத் தவிர வேறு எதிலும் அவர் விரல் ஓடாது. தெலுங்கு அவர் படித்ததல்ல, கேட்டுப் பழகியது. அதனால் அதை இங்கிலீஷ் எழுத்தில் ஒலிப்படி அடிப்பார். எங்கள் பக்கம் பெண் பொதட்டூர்பேட்டை, மாப்பிள்ளை ஆந்திராவில் நகரி என்று அமைவது சகஜம். கடைக்கு வரும் பத்திரிகைகளில் பாதிக்கு மேல் இரண்டு மொழிதான்.

நான் போட்ட சிஸ்டத்தில் தமிழுக்குத் தானாக வருவது தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் மாதிரி சில முறைகள்தான். டைப்ரைட்டர் முறை வேண்டுமென்றால் ibus-m17n என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். போட்டேன். அதிலேயே தெலுங்கு ஒலிமுறையும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தேன்.

அடுத்து டெஸ்ட். திருத்தணியில் எந்தக் கீபோர்டு வந்தாலும் முதலில் அடிப்பது 'முருகா'. முனிரத்தினம் அண்ணன் விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வந்தது. கிரேஸ் அக்கா 'ஸ்தோத்திரம்' அடித்தார். அதுவும் வந்தது. "ரெண்டு சாமியும் ஓகே சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னா" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பையை மூடினேன்.

திரையில் ஒரே ஜன்னல், ஆளுக்கு ஒரு வார்த்தை, அதுவும் தமிழில் மட்டும். அதோடு டெஸ்ட் முடிந்தது என்று மூன்று பேரும் நினைத்தோம்.

ஏற்றுவதும் இறக்குவதும்

பெண்ணின் அப்பா அவசரத்தில் நின்றதால், அக்கா அடித்து முடித்ததும் திரையைக்கூடப் பார்க்காமல் அண்ணன் பிரிண்ட் கொடுத்துவிட்டார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது, ஓடி வந்தேன்.

சாயந்தர பஸ்ஸுக்குள் புரூஃப் சரியாக வேண்டும், சம்பந்தி வீட்டில் பார்த்துச் சரி சொன்னால்தான் அச்சுக்குப் போகும் என்றார் பெண்ணின் அப்பா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. முனிரத்தினம் அண்ணன் செல்போனைக் கையில் எடுத்தார். அரக்கோணத்தில் டைப் அடித்துக் கொடுக்கும் இடம் ஒன்று அவருக்குத் தெரியும்.

"இத்த அங்க குடுத்துர்றேன். இனிமே டைப்பிங் எல்லாமே அங்கயே போவட்டும். இந்த மெஷின் நமக்குச் சரிப்படாது."

கிரேஸ் அக்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். டைப்பிங் அரக்கோணம் போனால் அக்காவுக்கு அந்தக் கடையில் நாற்காலி எதற்கு? அக்கா துப்பட்டா நுனியால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் தூசி ஒன்றும் இல்லை.

அக்காவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கோளாறு ibus-இல்தான் என்று முடிவு கட்டினேன். அதே வேலையைச் செய்யும் fcitx5 நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். அதை ஏற்றினேன். ஒரு புரோகிராமில் தமிழ் வந்தது, பத்திரிகை அடிக்கும் லிப்ரே ஆபீஸில் வரவில்லை. லாக்அவுட், லாக்இன். இப்போது ஒரு எழுத்து அடித்தால் இரண்டாக விழுந்தது. பழையதை எடுக்காமல் புதியதை ஏற்றியிருந்தேன். ஒரே ஸ்டியரிங்கை இரண்டு டிரைவர்கள் பிடித்த மாதிரி இரண்டும் இழுத்தன. மறுபடி லாக்அவுட்.

"இன்னா நைனா, ஏத்திகினே கீற, எறக்கிகினே கீற. லாரி ஷெட்டா இது?" என்றார் அண்ணன்.

பெண்ணின் அப்பா வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பவும் போனார். நான் fcitx5-ஐ முழுசாக எடுத்துவிட்டு, ibus மட்டும் மிஞ்சும்படி செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால்தான் எழுந்து நின்றேன்.

முதுகுக்குப் பின்னால்

நாற்காலி காலியானதும் அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து, கையெழுத்துப் பிரதியை ஸ்டாண்டில் வைத்து அடிக்க ஆரம்பித்தார். முதல்முறையாக அவர் வேலை செய்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். தமிழ் ஒரு ஜன்னல், தெலுங்கு ஒரு ஜன்னல். தெலுங்கில் ஒரு வரி, உடனே ஜன்னல் மாற்றித் தமிழில் அதே வரி, திரும்பத் தெலுங்கு. இரண்டு பக்கமும் பெயர்கள் முன்பின்னாகப் போகாமல் இருக்க அவர் பழகிய வழி அது. கண் பிரதியை விட்டு நகரவே இல்லை; இரண்டாவது வரியிலேயே தெலுங்கு ஜன்னலில் மறுபடி தமிழ் எழுத்து விழுந்ததை அவர் பார்க்கவில்லை.

"அக்கா, மொழிய எப்ப மாத்துவீங்க?"

"முதல்ல ஒருவாட்டி ரெண்டுத்துலயும் வெப்பேன். அப்புறம் இன்னாத்துக்கு மாத்தணும்? ஜன்னல மாத்துனா அதுவா மாறிக்கும். பழைய மெஷின்ல அப்பிடித்தானே தம்பி?"

பழைய மெஷின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு மொழியை ஞாபகம் வைத்திருந்தது. நான் போட்டது எல்லா ஜன்னலுக்கும் ஒரே மொழியைத்தான் வைத்தது. அக்கா தெலுங்கில் ஒரு வரி அடித்து, தமிழுக்கு வந்து தமிழை வைத்த பிறகு, தெலுங்கு ஜன்னலிலும் தமிழே கொட்டியிருக்கிறது. பேக்கேஜில் ஒரு குறையும் இல்லை. கீபோர்டு செட்டிங்கில், ஜன்னலுக்கு ஜன்னல் தனி மொழி என்று ஓர் இடம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான் வேலை.

இந்த முறை சாமி பெயர் எதுவும் அடிக்கவில்லை. "பத்திரிகையையே அடிங்கக்கா" என்றேன். அடித்தார், தெலுங்கு, தமிழ், தெலுங்கு, தமிழ். நான் திரையைப் பார்த்தேன், அவர் பிரதியைப் பார்த்தார்.

பெண்ணின் அப்பாவுக்குத் தெலுங்கு பேச வரும், வாசிக்க வராது. புரூஃபைப் போட்டோ எடுத்து அனுப்பி, சம்பந்திக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பாவா, கொஞ்சம் சத்தமா படிங்க" என்று தெலுங்கில் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் தாத்தா பெயரிலிருந்து மண்டபம் வரை நிதானமாக வாசித்தது. ஓர் இடத்தில் நின்றது. கண்ணாடியைத் துடைத்தாராம். மிச்சத்தையும் வாசித்து, சரி, அச்சுக்குக் கொடுங்கள் என்றார்.

முனிரத்தினம் அண்ணன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். அரக்கோணத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், மேஜையில் கிடந்த அடுத்த பிரதியை எடுத்து அக்காவின் ஸ்டாண்டில் வைத்தார்.

நான் கிளம்பும்போது கிரேஸ் அக்கா திரும்பாமலேயே சொன்னார்: "தம்பி, இனிமே நல்லதுன்னு புது சாப்ட்வேர் எதனா வந்துச்சுன்னா, நான் அடிக்கறத ஒருவாட்டி பாத்துட்டுப் போடு."

இன்றைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும், டைப் அடிப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய்த்தான் முதலில் நிற்கிறேன். என்ன பேக்கேஜ் என்பதை அதற்குப் பிறகுதான் யோசிக்கிறேன்.